2520 அதிசயமும் விடுபட்ட ஓர் எண்ணும்

டிசம்பர் 22 நெருங்கினால் போதும், பல்கலைக்கழகக் குழுக்களில் 2520 என்ற எண் உலா வரத் தொடங்கிவிடும். செய்தியின் வடிவம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண் இருக்கவே முடியாது என்று உலகக் கணித அறிஞர்கள் நம்பியிருந்தார்களாம். சீனிவாச இராமானுஜன் 2520-ஐக் கண்டுபிடித்து அவர்களைத் திகைக்க வைத்தாராம். அதன் இரகசியமோ வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், ஆண்டின் 12 மாதம் ஆகியவற்றின் பெருக்கத்தில் ஒளிந்திருக்கிறதாம். முடிவில் கைகூப்பும் படங்கள்.

இதை அனுப்புவோர் கணக்கோடு தொடர்பற்ற எளிய மனிதர்கள் மட்டுமே என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. பட்டம் பெற்றோரும் பாடம் நடத்துவோரும் அனுப்புகிறார்கள். தேசியக் கணித நாள் விழாவுக்கான படக்காட்சியின் முதல் பக்கத்தில் இதை ஏற்றுவோரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரேனும் அனுப்பும் முன் ஒரு தாளை எடுத்து ஒரு நிமிடம் கணக்கிட்டிருந்தால் இந்தச் செய்தி அங்கேயே செத்திருக்கும்.

ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் 36,28,800 வரும். அது அந்தப் பத்து எண்களாலும் வகுபட்டே தீர வேண்டும். ஆக, அப்படிப்பட்ட எண் இருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு எந்தக் காலத்திலும் இடமில்லை. மிஞ்சும் கேள்வி, அவற்றுள் மிகச் சிறியது எது என்பது ஒன்றுதான். அதன் பெயர் மீச்சிறு பொது மடங்கு. பள்ளிக்கூடத்தின் நடுநிலை வகுப்புகளில் கற்றுத்தரப்படுவது. யூக்ளிட் தமது நூலின் ஏழாம் புத்தகத்தில் அதைக் காணும் வழியை எழுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தியாவில் தேடினால், ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், பின்னங்களைக் கூட்டுவதற்கு அதைக் கையாண்டு, அதற்கென ஒரு கலைச்சொல்லையும் 'கணிதசாரசங்கிரகம்' என்ற நூலில் தந்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் முன்பே பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற உரையாடலில் தம் கற்பனை நகரத்தின் குடிகளின் எண்ணிக்கையை 5040 என்று வைத்தார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: நிலத்தையும் மக்களையும் பங்கிட அது ஏற்றது, ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் வகுபடும். 5040-இன் பாதி 2520. உலகம் திகைக்கக் காத்திருந்தது எந்த நாளில் என்பதை அந்தச் செய்தியை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

செய்தியின் மொழியமைப்பும் கவனிக்கத்தக்கது. "நம்பியிருந்தார்கள்" என்ற வினைக்கு எழுவாய் உண்டு, பெயர் இல்லை. "கண்டுபிடித்தார்" என்ற சொல், அதுவரை அப்பொருள் மறைந்திருந்தது என்ற முன்னனுமானத்தைச் சத்தமின்றிக் கடத்துகிறது. படிப்பவர் எதிர்க்க வேண்டிய கூற்று வாக்கியத்தின் பயனிலையில் இல்லை. பயனிலைக்கு அடியில் கிடக்கிறது. வதந்தி, விளம்பரம், அரசியல் மேடைப்பேச்சு மூன்றுக்கும் பொதுவான உத்தி இது. கருத்தாடல் பகுப்பாய்வு என்று தாள் தாளாக எழுதும் துறைகளின் குழுக்களிலும் இந்தச் செய்தி தடையின்றி நுழைவதுதான் வேடிக்கை.

7 × 30 × 12 என்ற "இரகசியம்" இன்னும் பலவீனமானது. 12-ஐயும் 30-ஐயும் பெருக்கினால் 360. எந்த ஆண்டுக்கு 360 நாள்? கிரெகோரியன் ஆண்டுக்கு 365 அல்லது 366. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354. தமிழ் மாதங்களோ 29 முதல் 32 நாள் வரை நீளவும் குறுகவும் செய்பவை. வாரத்தின் நாளை மாதத்தின் நாளால் பெருக்கிக் கிடைக்கும் அலகு எது என்றும் யாரும் கேட்பதில்லை. உண்மையில் இங்கே காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. 12, 30, 60, 360 போன்ற எண்களைக் காலத்தையும் வட்டத்தையும் அளக்க மனிதர்கள் தேர்ந்தது, அவை பல வகையாகப் பங்கிட வசதியானவை என்பதால். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. பழைய இந்தியக் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை. அத்தகைய எண்களைப் பெருக்கினால் பல காரணிகள் கொண்ட எண் கிடைக்காமல் வேறென்ன கிடைக்கும்?

எண்களைப் பற்றிய இத்தகைய வியப்புச் செய்திகள் அனைத்தையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. தமிழில் எண் என்றும் இலக்கம் என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. எண் என்பது பொருள். இலக்கம் என்பது அதை எழுதிக் காட்டும் குறி. 142857-ஐ இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571 என்று அதே இலக்கங்கள் சுழன்று வருவது அழகான காட்சி. ஆனால் அது எண்ணின் பண்பு மட்டுமன்று. பத்தடிமான எழுத்துமுறையின் பண்பும் கூட. எட்டை அடிமானமாகக் கொண்டு எண்ணும் ஒரு சமூகத்துக்கு அதே எண் இந்தச் சுழற்சியைக் காட்டாது. ௰, ௱, ௲ என்று பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் தனிக் குறிகளால் எழுதிய பழைய தமிழ் முறையிலும் அது கண்ணில் படாது. நாசிக்குக்கு அருகிலுள்ள தேவலாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய டி. ஆர். காப்ரேகர் கண்ட 6174-உம் இந்த இனத்தைச் சேர்ந்தது: எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும். காப்ரேகர் இதை விளையாட்டு என்றே கொண்டாடினார்; அறிஞர் பலர் அவரை ஏளனம் செய்தபோதும் அந்த விளையாட்டை நேர்மையோடு ஆடினார். யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்குக் கிடைத்த ஏளனமும் 2520-க்குக் கிடைக்கும் கைகூப்பும் ஒரே கல்விச் சூழலின் விளைவுகள். கணக்கைச் செய்து பார்க்கும் பொறுமை இரண்டு இடத்திலும் இல்லை.

2520-இன் வகுபடும் பண்பு இலக்கத்தைச் சார்ந்ததன்று. எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது வகுபடும். அந்த வகையில் அது மெய்யான எண் பண்புதான். இராமானுஜனுக்கும் அந்த எண்ணுக்கும் மெய்யான தொடர்பும் உண்டு. செய்தி அனுப்புவோர் அறியாதது அந்தத் தொடர்பைத்தான்.

1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் நெடுங்கட்டுரை ஒன்று வெளிவந்தது. பொருள்: உயர் பகு எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான காரணிகளைக் கொண்ட எண்ணுக்கு அவர் இட்ட பெயர் அது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள்; அதனினும் சிறிய எதற்கும் ஆறு இல்லை. ஆகவே 12 உயர் பகு எண். அடுத்தது எட்டுக் காரணிகளோடு 24. பின்னர் 36, 48, 60, 120 என்று வரிசை நீள்கிறது. 48 காரணிகள் கொண்ட 2520, இரண்டிலிருந்து தொடங்கினால் இந்த வரிசையில் 17ஆவது.

பட்டியல் போட்டதோடு அவர் நிற்கவில்லை. அந்த எண்களின் உட்கட்டமைப்பை நிறுவினார். ஓர் உயர் பகு எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைவான முறை வராது. நிறுவல் எளிது: குறைவாக வந்தால் இரண்டின் அடுக்குகளையும் மாற்றி வைக்கலாம்; காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும்; அப்போது பழைய எண் தன் தகுதியை இழந்துவிடும். அடுத்து, வரிசையின் கடைசிப் பகா எண் ஒரு முறை மட்டுமே வரும். விதிவிலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள். இதன் நிறுவல் அவ்வளவு எளிதன்று. வரிசையில் மேலே போகப் போக அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் ஒன்றை நெருங்கும் என்பதையும் காட்டினார். இந்தத் துறை கணிதத்தின் மைய ஓட்டத்திலிருந்து விலகியது என்று ஹார்டி கருதினார். ஆனால் சமனிலிகளை இராமானுஜன் ஆண்ட திறனை அவரால் வியக்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பட்டத்தை வழங்கியது. இன்றைய முனைவர் பட்டத்தின் முன்னோடி அது. பட்டமில்லாத மேதை என்று மேடைதோறும் பேசுவோர் இந்த ஆண்டையும் இந்தக் கட்டுரையையும் சொல்வது அரிது. சொன்னால், அவரும் ஓர் ஆய்வு மாணவராகக் கட்டுரை எழுதினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட உயர் பகு எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. கணினியில்லாத காலம். இத்தகைய அட்டவணையை உருவாக்குவது, எண்ணை எழுதி அதன் காரணிகளை எண்ணுவதோடு முடிவதில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே வேறொரு தகுதியான எண் ஒளிந்திருக்கவில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்தாக வேண்டும். வேலையின் பெரும்பகுதி வெற்றிடத்தைச் சரிபார்ப்பதுதான்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. காரணிகளின் எண்ணிக்கையைக் காண ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. பிளேட்டோவின் அதே 5040. இது தற்செயல். ஆனால் யாரேனும் ஒருவர் இதை "பிளேட்டோ–இராமானுஜன் மர்மம்" என்று படமாக்கிச் சுற்றுக்கு விட அதிக நாள் ஆகாது.

தற்செயல் அல்லாதவை வேறு உண்டு. 2520 என்பது 2 மூன்று முறை, 3 இரு முறை, 5, 7 ஒவ்வொரு முறை. அந்த அடுக்குகளை இரட்டித்தால் 6, 4, 2, 2. எனவே விடுபட்ட எண், 2520-ஐ 2520-ஆல் பெருக்கி, அதை மீண்டும் 11, 13, 17, 19 ஆகியவற்றால் பெருக்கிய எண். 2520-ஐவிடப் பெரிய ஒவ்வோர் உயர் பகு எண்ணும் 2520-ஆல் வகுபடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. தன்னிலும் பெரிய எல்லா உயர் பகு எண்களையும் இவ்வாறு வகுக்கும் எண்கள் ஆறே ஆறு: 1, 2, 6, 12, 60, 2520. இதற்குப் பின் வேறொன்று இல்லை. 2520 பற்றி வியக்க வேண்டுமென்றால் இங்கே வியக்கலாம். எல்லையற்ற ஒரு வரிசை முழுவதற்கும் அது அடிக்கல்லாகக் கிடக்கிறது, அந்தத் தகுதி பெற்ற கடைசி எண்ணும் அதுவே.

விடுபட்ட எண் அட்டவணையில் எங்கே இருந்திருக்க வேண்டும்? 4800 காரணிகள் கொண்ட 2,40,94,02,99,600-க்கும், 5376 காரணிகள் கொண்ட 3,21,25,37,32,800-க்கும் நடுவே. இந்த இரண்டு அயலாரிலும் 7 ஒரு முறை வருகிறது, 23 ஒரு முறை வருகிறது. நடுவிலுள்ளது வேறு வழியில் போகிறது: 23-ஐத் தொடவில்லை, 7-ஐ இரு முறை எடுத்துக்கொள்கிறது. அதன் பாதியான 1,46,65,93,12,800-உம், மூன்றில் ஒரு பங்கான 97,77,28,75,200-உம் அதே வழியில் அமைந்த உயர் பகு எண்கள்; இரண்டும் அட்டவணையில் உண்டு. அதைவிட விந்தை, அட்டவணையின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800 இந்த விடுபட்ட எண்ணின் 23 மடங்கு. பாதி இருக்கிறது, மூன்றில் ஒன்று இருக்கிறது, 23 மடங்கு இருக்கிறது. அது மட்டும் இல்லை. ஏன் விடுபட்டது என்பதைக் கற்பனையால் நிரப்பினால் இன்னொரு புராணம் பிறக்கும். நூறு வரிக்கு மேல் கையால் சரிபார்த்த ஒருவரின் கண்ணுக்கு ஒரு வரி தப்பியது. சொல்ல முடிவது அவ்வளவே.

இந்த ஒரு வரி இராமானுஜனின் பெருமையைக் குறைக்கிறதா என்ற கேள்வி எழலாம். எழுவதே நோயின் அறிகுறி. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டினார் என்பது அவருடைய நம்பிக்கை. அதை அவரிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை எடுத்து அவருடைய உழைப்பின் மீது போர்த்துவோர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அட்டவணை கனவில் அருளப்பட்டது என்றால், விடுபட்ட எண்ணுக்கு யார் பொறுப்பு? பிழையைத் தெய்வத்தின் மேல் ஏற்றத் துணிவு இல்லையென்றால், கணக்கையும் மனிதனுக்கே திருப்பித் தந்துவிட வேண்டியதுதான்.

2520 செய்தியைத் தேசப் பெருமை என்று காப்பவர்கள் தாம் செய்வது இன்னதென்று உணர்வதில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில நிமிடங்களில் போடும் கணக்கைப் போட்டார் என்று இராமானுஜனைப் புகழ்கிறார்கள். வசை கூட இதைவிட மரியாதையானது. 1729-க்கும் இதே கதிதான் நேர்ந்தது. இரு கன எண்களின் கூட்டாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்ற பண்பை 1657-இலேயே பிரெஞ்சுக் கணிதர் பிரெனிக்கிள் தெ பெஸி வெளியிட்டிருந்தார். மருத்துவமனைப் படுக்கையில் அந்த விடை இராமானுஜனின் நாவில் தயாராக இருந்தது என்றால், எண்களோடு அவர் நெடுங்காலம் புழங்கியதன் பயன் என்று கொள்வதே பொருத்தம். ஆனால் கதையில் வாடகைக் காரும் மின்னல் வெட்டும் மட்டுமே மிஞ்சின.

"குழந்தைகளுக்கு ஆர்வம் உண்டாகிறதே, இதில் என்ன தீங்கு?" என்பது வழக்கமான மறுமொழி. எதில் ஆர்வம்? அந்தச் செய்தியைப் படித்து முடித்த மாணவரிடம் ஒரு கேள்வியும் மிஞ்சுவதில்லை. வணக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. ஒன்று முதல் பத்து வரை வகுபடுவது அதிசயம் என்றால், விடுபட்ட எண் ஒன்று முதல் 22 வரை அனைத்தாலும் வகுபடும். அட்டவணையின் கடைசி எண் 28 வரை வகுபடும். அவை ஏன் 23-இலும் 29-இலும் நிற்கின்றன என்று கேட்டால் அங்கிருந்து பகா எண்களின் பாடம் தொடங்கும். அதிசயச் செய்தி அந்தக் கதவைத் திறப்பதாகப் பாவனை செய்து அடைத்துவிடுகிறது.

தீங்கு முனைவர் பட்ட ஆய்வாளர்களிடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவு என்பது வெளிப்பாடு, உழைப்பு என்பது அறிவில்லாதவர்க்கு விதிக்கப்பட்டது என்ற எண்ணம் ஆழ ஊறியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டி, அட்டவணை போட்டு, சரிபார்த்து, மீண்டும் சரிபார்க்கும் மாணவர் தம்மை இரண்டாந்தர மூளை என்று நினைக்கப் பழக்கப்படுகிறார். தரவில் ஒரு வரி தவறினால் அதைத் திருத்தி அறிவிப்பதற்குப் பதிலாக மறைக்கப் பழக்கப்படுகிறார். இராமானுஜனின் அட்டவணையிலும் ஒரு வரி தவறியது என்று அவருக்கு ஒருவர் சொல்லியிருந்தால், அவர் மேசையில் கிடக்கும் தரவுத்தாளை வேறு விதமாகப் பார்த்திருப்பார். சொல்ல வேண்டியவர்களோ 2520-ஐ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் பிற்காலமும் விழாக்களில் பேசப்படுவதில்லை. கணிதக் கழகத்தின் பண நெருக்கடியால் 1915-இல் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. 1944-இல் அலாகுலுவும் எர்தோஷும் இந்தத் துறையை விரிவாக்கினார்கள். காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய ஒரு சமனிலி 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் உண்மையாவதும் ரீமான் கருதுகோள் உண்மையாவதும் ஒன்றே என்று 1984-இல் கை ரோபின் நிறுவினார். அச்சேறாமல் கிடந்த பகுதியை நிக்கோலாவும் ரோபினும் குறிப்புரையோடு 1997-இல் வெளியிட்டபோது, அதே திசையில் இராமானுஜன் முன்பே நடந்திருந்தது தெரிந்தது. ஹார்டி ஓரமாகக் கருதிய அந்த நீரோடை, கணிதத்தின் தீராத பெரும் கேள்வி ஒன்றின் கரையைத் தொட்டிருந்தது.

அடுத்த டிசம்பர் 22-க்குப் படக்காட்சி தயாரிப்போர் முதல் பக்கத்தில் இரண்டே எண்களைப் போடலாம்: 2,40,94,02,99,600, அதற்குக் கீழே 3,21,25,37,32,800. இவற்றுக்கு நடுவே ஓர் உயர் பகு எண் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் தரலாம். கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும், பேராசிரியர்களுடையவற்றையும் சேர்த்து.